அப்பளம் வைத்துப் பார்த்த பெட்டி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் பத்து வயது மகள், பினாங்கிலிருந்து வந்திருந்த என் தங்கை, அவளுடைய கணவர். ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால்தான் என் வீட்டுக்காரரையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது. மற்ற நாட்களில் அவர் புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கமிஷன் கடையில் கணக்கெழுதிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவார். ஐந்து தம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தேன். நாலு காலியாயிற்று. என் மகளுடையது ஆடை படிந்து ஆறிப்போயிற்று. அவள் கை இரண்டும் யுகுலேலேயில் இருந்தன. கண் இரண்டும் என் தங்கை முகத்தில் இருந்தன.

யுகுலேலே என்ற ஒன்றை அப்போது தென்காசியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கிதாரைத் துவைத்துக் காயப்போட்டதில் சுருங்கிவிட்டது போல இருக்கும். நாலே நரம்பு. பினாங்கில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தங்கை அதை வாசிக்கப் பழகியிருந்தாள். குற்றாலத்துச் சாரலுக்காக ஆனி மாதம் வந்தவள், சேலைகளுக்கு நடுவே அதைச் சுற்றி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் என் மகள் அதைத் தொட்டாள். அதற்குப் பிறகு என் மகளை நான் தொட முடியவில்லை.

ஐந்தருவிக்குக் குளிக்கப் போனால் சித்தி கையைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீருக்குள் இறங்குவாள். தலைக்கு எண்ணெய் நான் தேய்க்க வேண்டும், சடையைச் சித்தி போட வேண்டும். நரம்பை அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போனதை முதலில் அவளிடம் காட்டினாள். நான் கேட்ட பிறகு என்னிடம் காட்டினாள். தங்கைக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. அதனால் நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஒருநாள் பிள்ளைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டே, "இவள என்கூட அனுப்பிரு அக்கா, அங்கன படிக்கட்டும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை கப்பலில் ஏறிப் போவது போலவும் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு கரையில் நிற்பது போலவும் பட்டப்பகலில் தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தங்கை பிறந்தபோது எனக்குப் பத்து வயது. பிரசவத்தோடு அம்மாவுக்கு உடம்பு கெட்டுப்போய்விட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். அவள் பள்ளிக்கூடம் முடித்து, இங்கிலீஷ் படித்து, கப்பல் ஏறினாள். நான் இடுப்பில் சுமந்த பிள்ளை இப்போது என் பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்தபடி தங்கை சொன்னாள், யுகுலேலேயைப் பிள்ளையிடமே விட்டுவிட்டுப் போகப்போவதாக. என் மகளுக்கு மூச்சே நின்றுவிட்டது போல இருந்தது. தங்கை கணவர் நிதானமான மனிதர். எதையும் யோசித்துத்தான் பேசுவார்.

"விட்டுட்டுப் போறது பெரிசில்ல. இப்பிடி துணியில சுத்தி வச்சா இந்தச் சாரலுக்கு ஒட்டு விட்டுப் பலக பிரிஞ்சிரும். கெட்டிப் பெட்டி ஒண்ணு வேணும். எங்க வீட்ல இருக்கு, இடத்த அடைக்குதுன்னு அங்கனயே வச்சிட்டு வந்துட்டோம்" என்றார்.

பெட்டி கிடைக்காவிட்டால் இதைத் திரும்பக் கொண்டுபோய்விட்டு, அடுத்த தடவை பெட்டியோடு கொண்டுவருவதுதான் சரி என்பது அவர் எண்ணம். அடுத்த தடவை என்றால் நாலோ ஐந்தோ வருஷம். என் மகளுக்கு உதடு துடித்தது. தங்கை பேச வாயெடுத்தாள். பெட்டியையும் தானே வாங்கித் தருவதாகச் சொல்லப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

"பெட்டி நான் வாங்குதேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மாதச் சம்பளம் வாங்குகிறவர் பார்க்கிற பார்வை அது. ஆனால் மகளும் என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து ஒரு மாதம் இருக்கும். யுகுலேலே சித்தி கொடுத்தது என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொள்ளட்டும், அதை வைக்கிற பெட்டியாவது நான் வாங்கியதாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவர்கள் ரயிலேறப் பத்து நாள் இருந்தது. மறுநாளே தையல் நூலை எடுத்து, யுகுலேலேயின் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலமான இடத்துக்கு ஒரு முடிச்சு, கனத்துக்கு ஒரு முடிச்சு போட்டு முந்தானையில் முடிந்துகொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். தங்கை கூட வருவதாகச் சொன்னாள். தெருவெல்லாம் சேறு, உனக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று தடுத்துவிட்டேன். மகளையும் அழைக்கவில்லை. அவளை அழைத்தால் இவளும் வருவாள்.

முதலில் தச்சரிடம் போனேன். தேக்கில் செய்தால் நாற்பது ரூபாய், பலாவில் இருபத்தெட்டு, எதுவானாலும் பதினைந்து நாள் ஆகும் என்றார். பலாப் பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். என் மகள் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். அட்டை சூட்கேஸ் ஆறு ரூபாய்க்குக் கிடைத்தது. விரலால் அமுக்கினேன், அமுங்கியது. தகரப் பெட்டிக்கடையில் ஒரு சின்ன ட்ரங்குப் பெட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து மூடியில் ரோஜாப்பூ வரைந்தது, ஒன்பது ரூபாய். நூலை வைத்துப் பார்த்தேன். மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் கொள்ளும். கெட்டியாகவும் இருந்தது, பூட்டும் இருந்தது. அதை வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் எனக்குக் கவலை விடாது. திரும்பி வரும் வழியில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் கடை ஒன்று உண்டு. நாடகக்காரர்களும் வில்லுப்பாட்டுக்காரர்களும் வந்துபோகிற கடை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஏறினேன். கடைக்கார அண்ணாச்சி உள்ளே போய்க் குடைந்து ஒரு பழைய பிடில் பெட்டியைக் கொண்டுவந்தார். பிடில் எப்போதோ விலை போய்விட்டது, பெட்டி மட்டும் தங்கிவிட்டது. மெல்லிய பலகை, மேலே கறுப்பு ரெக்சின், பித்தளைக் கொக்கி இரண்டு. திறந்தால் உள்ளே பச்சை வெல்வெட். தங்கையின் பினாங்குப் பெட்டியை நான் பார்த்ததில்லை. அது இதைவிட நன்றாக இருக்காது என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

இருபத்தைந்து என்றார். பேசிப் பேசி இருபத்தொன்றுக்கு வந்தது. அதற்குக் கீழே அவரும் இறங்கவில்லை. ஒன்பது ரூபாய்க்குத் தகரம் இருக்கும்போது இருபத்தொரு ரூபாய்க்கு வெல்வெட் வாங்கினேன் என்றால், என் வீட்டுக்காரருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி யோசித்தேன்.

சாரல் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிடும். தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைப்போம். அப்பளத்தைப் பொரித்த கையோடு தின்றுவிட வேண்டும், கொஞ்சம் பேசிக்கொண்டு நின்றால் துணி மாதிரி தொங்கும். ஆகவே, எந்தப் பெட்டிக்குள் ஓர் இரவு முழுக்க அப்பளம் மொறுமொறுப்பாக இருக்கிறதோ அந்தப் பெட்டியில் யுகுலேலேயும் பத்திரமாக இருக்கும். தகரப் பெட்டிக்காரர் தெரிந்தவர், சும்மா கொடுத்தனுப்பினார். அண்ணாச்சி ஐந்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் பிடில் பெட்டியைக் கொடுத்தார். இரண்டிலும் காகிதம் விரித்து, பெட்டிக்கு ஒரு பொரித்த அப்பளம் வைத்து மூடி, சாரல் அடிக்கிற தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் தகரப் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்பக்கம் முழுக்க வியர்த்து முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. அப்பளத்தைத் தூக்கினேன், விரலைச் சுற்றிக்கொண்டது. பிடில் பெட்டியைத் தங்கை முந்திக்கொண்டு திறந்தாள். என் மகள் அப்பளத்தை எடுத்தாள். சடக்கென்று ஒடிந்தது. ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு துண்டு தர வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தங்கை தன் கணவரைக் கூப்பிட்டு, "எங்க அக்கா மூளையப் பாத்தியளா. அஞ்சாங்கிளாஸ்னு சொன்னா யாராச்சும் நம்புவாகளா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். என் காதில் அஞ்சாங்கிளாஸ் மட்டும்தான் விழுந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். காகிதத்தைத் தாண்டி எண்ணெய் இறங்கி, பச்சை வெல்வெட்டில் அப்பளம் அளவுக்கு வட்டமாக ஒரு கறை. அரிசி மாவு தூவினேன், விபூதி தூவினேன், போகவில்லை. அண்ணாச்சி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கறையை மோந்து பார்த்தார்.

"அப்பளமா வச்சிய? உளுந்து அப்பளமா, அரிசி அப்பளமா?"

உளுந்து என்றேன்.

"இத்தன வருஷம் கட வச்சிருக்கேன், பெட்டிக்கு இப்பிடி ஒரு பரீட்ச பாத்ததில்ல. இனிம இத யாருக்கு விக்க? இது உங்க பெட்டிதான் தாயி" என்றார்.

வெளியே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன், உள்ளே சந்தோஷமாக இருந்தது. முன்பணம் ஐந்து போக மீதியை இரண்டு மாதச் சம்பளத்தில் எட்டு எட்டாகத் தருவதாகப் பேசி முடித்தேன்.

பிடில் பெட்டி யுகுலேலேக்கு நீளம் அதிகம். ஆடாமல் இருக்க அணை கொடுக்க வேண்டும். தங்கை தன் வெல்வெட் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். என் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு சின்னத் திண்டு தைத்து வைத்தேன். கொக்கியைப் போட்டுக் குலுக்கினால் சத்தம் வரவில்லை. தங்கை கணவர் மூடியை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, தாராளமாக விட்டுப் போகலாம் என்றார். என் மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, "சித்தி, இங்க பாரேன்" என்றாள்.

ரயிலடியில் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளையை அனுப்பச் சொல்லி மறுபடி கேட்பாளோ என்று பயந்து மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். கேட்கவில்லை. ரயில் போன பிறகு என் மகள் என் தோளில் சாய்ந்து தேம்பினாள். தோள் என்னுடையது, அழுகை அவளுக்காக. அதையும் நான் பிரித்துத்தான் பார்த்தேன்.

சம்பளம் வந்ததும் எட்டு ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இப்படிச் சந்தோஷமாகக் கடன் கட்டப்போனவர்கள் ஊரில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அண்ணாச்சி ரூபாயைத் தொடவில்லை. ஆர்மோனியத் துருத்தியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒங்க தங்கச்சி ரயிலுக்குப் போற அன்னைக்கிக் காலையில வந்து பாக்கி மொத்தத்தையும் கொடுத்துட்டுல்லா போச்சு. சொல்ல வேண்டாம்னுச்சு. நீங்க ரூவாயோட வந்து நிக்கையில நான் எப்பிடிச் சொல்லாம இருக்க?"

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பணம் கொடுக்க வந்தவர்களை விரட்டுகிற கடை தென்காசியில் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். எட்டு ரூபாயை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினேன். அவள் நல்லதைத்தான் செய்தாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கஷ்டப்படுகிற அக்காவுக்கு உதவி. ஆனால் எனக்கென்று அந்த ஒரு பெட்டியைத்தானே வைத்துக்கொண்டேன், அதற்குள்ளும் அவள் கையை விட்டுவிட்டாள்.

மகளிடம் சொல்லவில்லை. அவள் யுகுலேலேயை எடுத்துக்கொண்டு போன இடமெல்லாம், "வாத்தியம் சித்தி தந்தது, பெட்டி எங்க அம்மா வாங்குனது" என்று சொல்லுவாள். அப்பளக் கறையைக் காட்டி அந்தக் கதையையும் சொல்லுவாள். எல்லோரும் சிரித்து என்னைப் பாராட்டுவார்கள். நான் மனதுக்குள் பங்கு பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருபத்தொன்றில் ஐந்து என்னுடையது. கொக்கி இரண்டும் கைப்பிடியும் வேண்டுமானால் எனக்கு வரும். கறை முழுக்க எனக்கு.

சில வருஷம் கழித்துத் தங்கை கைக்குழந்தையோடு மறுபடி வந்தாள். எண்ணி வைத்திருந்த ரூபாயை அவள் கையில் திணித்தேன். அதை என் கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"நீ என்னத் தூக்கிச் சொமந்ததுக்கு நான் எந்தக் கடையில போயிக் கட்ட?" என்றாள்.

அழகாகப் பேசத் தெரிந்தவர்களோடு கணக்குத் தீர்க்கவே முடியாது. பக்கத்தில் நின்ற என் மகள், சித்தி சொன்னதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். எதற்கான பணம் என்றுகூட அவள் கேட்கவில்லை. ரூபாயைத் திரும்பக் கொண்டுபோய்த் தகர டப்பாவில் வைத்தேன். அதன்பின் தங்கை வந்தபோதெல்லாம் ஒருமுறையாவது அந்த டப்பாவைத் திறந்திருக்கிறேன். அவள் ஒருமுறையும் வாங்கவில்லை. பதினாறு ரூபாய். இன்னும் பாக்கி.