தறிச் சத்தத்தை நம்பி எழுதிய ‘நலம்’

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு காசநோய் ஆராய்ச்சியில் வேலை பார்த்தேன். புது மாத்திரை சாப்பிடுகிறவர்களின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய், இருமல் எப்படி, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு அட்டையில் குறிக்க வேண்டும். அதை வைத்துத்தான் மற்றவர்களுக்கும் அதைக் கொடுப்பதா என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஏகாம்பரம் என்றொரு நெசவாளர். தறிக்குழியில் இறங்கிவிட்டால் அவர் எழுந்து வர நேரமாகும். அன்றைக்கு நல்ல வெயில். உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது. நெய்கிற ஆளுக்கு என்ன கேடு என்று சைக்கிளை விட்டு இறங்காமலே ‘நலம்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டேன். அடுத்த மாதமும் அப்படியே.

மூன்றாம் மாதம் எடை பார்க்க வேண்டியிருந்ததால் உள்ளே போனேன். தறியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் பாயில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்.

“ரெண்டு மாசமா நான்தான் சார் நெய்யறேன். வயிறு எரியுதுன்னு மாத்திரைய நிறுத்திட்டாரு. நீங்க வந்தா கேக்கலாம்னு வாசலையே பாத்துக்கினு இருந்தாரு.”

குரலில் கோபமே இல்லை. வாசல்வரை வந்துவிட்டுப் போனதைச் சொல்லாமல் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் அவர் இறந்துபோனார். டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு மாசம் நல்லா இருந்த ஆளுக்கு திடீர்னு என்னப்பா ஆச்சு?”

“தெரியல சார்” என்றேன்.

இன்றும் எந்த வீட்டில் தறிச் சத்தம் கேட்டாலும், நெய்வது யார் என்று எட்டிப் பார்க்காமல் என்னால் அந்த வீட்டைத் தாண்ட முடிவதில்லை.