அகராதி அக்கா சொன்ன ‘சரி’

எங்கள் ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் அவளை அகராதி அக்கா என்போம். டாக்டர்கள் எழுதும் நோய் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு, ‘கோடு’ என்போம். பதினெட்டு வருடமாக அத்தனையையும் புத்தகம் பார்க்காமல் பதிகிறவள். தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

பக்கத்து மேசைக்கு, நாங்கள் சின்னவள் என்று கூப்பிடும் புதுப்பெண் வந்தபின் அது ஆட்டம் கண்டது. ஆறு மாதமாகத் தணிக்கையில் அவளிடம் ஒரு தப்புகூட இல்லை. மேற்பார்வையாளர் பதவிக்கு இருவர் பெயரும் போயிருந்தன. அக்காவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. சின்னவள் தண்ணீர் குடித்தால்கூட, “அலட்டலைப் பாரு” என்பாள்.

ஒருநாள் சின்னவள் ஒரு கோப்போடு வந்தாள். அடிவயிற்று வலியென்று வந்துபோன ஒரு பெண்ணுடையது. ‘பால்வினைத் தொற்றாக இருக்கலாம்’ என்று டாக்டர் கிறுக்கியிருந்தார்.

“என்ன தொற்றுன்னு எழுதலக்கா. அதான் ஏ அறுபத்துநாலு, வகை குறிப்பிடாத பால்வினை நோய்னு போட்டிருக்கேன். சரிதானே?”

சரியில்லை. படுக்கை நோயாளி என்றால் ‘இருக்கலாம்’ என்பதை நோயாகவே பதியலாம். சின்னவள் அதுவரை பார்த்ததெல்லாம் அந்தக் கோப்புகள்தான். படுக்கையில் சேராமல் வந்துபோகிறவர்களுக்கு அப்படிப் பதியக் கூடாது, வலியை மட்டும் பதிய வேண்டும். அக்காவுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

“சரிதான், காப்பீட்டுக்கு அனுப்பு” என்றாள்.

மாதக் கடைசித் தணிக்கையில் சின்னவள் மாட்டுவாள் என்று சாப்பிடும்போது என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

தணிக்கைக்கு முன்பே அந்தப் பெண் காப்பீட்டுக் கடிதத்தோடு என் கவுண்டர் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

“டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னாங்க. இதுல நோய்னு வந்திருக்கு. வீட்டுக்காரர் பிரிச்சுப் படிச்சிட்டார். பிள்ளையைத் தூக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டார்.”

சின்னவள் எழுந்து வந்தாள். “தப்பு என்னோடதுதாங்க” என்று சொல்லி, அங்கேயே திருத்தக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை அந்தக் கணவர் நம்பினாரா என்று எங்களுக்குத் தெரியாது.

மேலிடம் விசாரித்து, தப்பைச் சின்னவள் பேரில் எழுதியது. பதவி அக்காவுக்கே கிடைத்தது. முதலில் வாழ்த்தியவள் சின்னவள்.

“உங்ககிட்ட காட்டினதை விசாரணையில சொல்லலக்கா. என் அவசரத்துக்கு நீங்க எதுக்கு மாட்டணும்?”

அவள் போனபின் அக்கா நாற்காலியைத் திருப்பினாள். என்னிடம் சொன்னாள்:

“இதுலயும் அவதான் ஜெயிச்சா, பாத்தியா.”