நான் பற்ற வைத்துக் கொடுத்த பீடி

சபையாரே, நல்லது செய்கிறேன் என்று நினைத்து ஒருத்தரைச் சாவின் வாசல் வரைக்கும் கொண்டுபோனவன் நான். இதைச் சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கர்த்தர் செய்ததை மறைத்தால் அதைவிடப் பயம்.

கவரைப்பேட்டைப் பக்கம், குடியை நிறுத்த வைக்கும் ஒரு மையத்தில் நான் வார்டன். ஆறு வருஷத்துக்கு முன் அதே மையத்தில் நோயாளியாகக் கிடந்து, இயேசுவின் கிருபையால் குடியை விட்டேன். பீடியை விடவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளே போகும்போது ஒரு நாளைக்கு நாலு பீடி; வெளியே வரும்போது ஒரு கட்டு. எங்கள் மையத்தின் வழக்கம் அப்படி. சாப்பிட்டு முடித்தால் ஆளுக்கு ஒன்று. ஒழுங்காக நடந்துகொண்டால் சாயங்காலம் கூட ஒன்று. பீடிப் பெட்டி என் பொறுப்பு. ஜெபம் முடித்த கையோடு நானே எடுத்துக் கொடுப்பேன். இதையும் பிடுங்கினால் பழையபடி குடிக்க ஓடிவிடுவார்கள் என்று எல்லாரும் நம்பினோம். வேத வசனத்தைக்கூட நான் அவ்வளவு உறுதியாக நம்பியிருப்பேனா, தெரியாது.

பொங்கல் கழிந்த வாரம் முருகேசன் வந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் உலைப் பக்கம் வேலை. மனைவி கஸ்தூரி கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்று வாரம் குடிக்கவில்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு இழுத்தது. வாரம் ஒரு தடவை வரும் டாக்டரம்மா, "குடியோட சேத்து பீடியையும் இப்பவே விடுங்க. அதனால குடிக்குத் திரும்பிடுவாங்கன்னு சொல்றது தப்பு" என்று சொல்லி, பீடி ஆசை வந்தால் மென்றுகொள்ள நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். நான் பெரிதாகத் தலையாட்டினேன். உள்ளுக்குள் சிரித்தேன். இந்தம்மாவுக்குக் குடிகாரனைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு மிதப்பு.

முருகேசன் அன்றே பீடியை நிறுத்திவிட்டார். நாலாம் நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். அவர் முகமெல்லாம் வியர்வையோடு என்னிடம் வந்தார்.

"அண்ணே, கேட்டைத் தொற. என்னால இங்க குந்த முடியல."

"இன்னாத்துக்குய்யா வெளிய?"

"உடுண்ணே, பேஜாரு பண்ணாத."

கேட்டுச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன். கேட்டைத் தாண்டினால் நேராக ஒயின்ஷாப்புக்குத்தான் போவார் என்று முடிவு கட்டினேன். கஸ்தூரிக்கு என்ன பதில் சொல்வேன்? பெட்டியைத் திறந்தேன். ஒரு பீடியை எடுத்து, நானே பற்ற வைத்து, அவர் கையில் திணித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு இழு. மனசு அடங்கிடும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வாங்கி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் இருமல் பிடித்தது. நிற்கவே இல்லை. உதடு நீலமாகிவிட்டது. அப்படியே சாய்ந்தார்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது, முடிகிற வழியைக் காணோம். என் மடியில் அவர் தலை. ஜெபிக்க வாயைத் திறந்தேன். என் வாயெல்லாம் பீடி நாற்றம். அந்த வாயால் ஆண்டவர் பெயரைச் சொல்லவே கூசியது. ஆனாலும் கத்தினேன். "அப்பா, இவர் செத்தா நான் கொலைகாரன். இவருக்கு மூச்சைக் குடுங்க. இந்தப் பீடிச் சனியனை நான் இனித் தொட மாட்டேன்!" ஆட்டோக்காரர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

கேட் திறந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் நெஞ்சு சீராக ஏறி இறங்கத் தொடங்கியது. ஸ்தோத்திரம் என்று சொல்லி வராந்தாவிலேயே முழங்கால் போட்டேன்.

மறுநாள் காலை அவரிடம் ஒப்புக்கொண்டேன். "குடிக்கப் பூடுவியோன்னு பயந்துட்டேன்யா."

முருகேசன் மாஸ்கைத் தூக்கினார். "குடிக்கவா? எல்லாரும் ஊதிக்கினு இருந்தாங்கண்ணே. அந்த வாடை வந்தாலே கை தானா நீளுது. அவங்க முடிக்கிற வரிக்கும் வெளிய மரத்தாண்ட குந்திக்கினு, அந்தச் சூயிங்கம்மை மென்னுக்கினு இருக்கலாம்னுதான் வந்தேன்."

பிழைக்க வழி கேட்டு வந்த மனுஷனுக்கு நெருப்பைக் கொடுத்திருக்கிறேன். ஓவென்று அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் யாரோ போய்விட்டதாகவே நினைத்தார்கள்.

மையத்துக்குத் திரும்பி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பீடி கொடுக்கும் வழக்கம் அன்றோடு நின்றது. நானும் அதே டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். முதல் வாரம் நரகம். ஒரு நாள் தவறி ஒன்றை இழுத்தும் விட்டேன். வெட்கத்தோடு முருகேசனிடமே போய்ச் சொன்னேன். "பரவால்லண்ணே, இன்னொரு தபா உடு" என்றார். விட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை. பீடியை விட்டவர்கள் குடிக்க ஓடுவார்கள் என்று நடுங்கினேனே, முருகேசன் ஓடவில்லை. நானும் ஓடவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் போராடிக்கொண்டிருக்கலாம். பயமாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. பயத்தோடேயே முழங்கால் போடுங்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், போராடுகிறவர் ஏன் கதவைத் திறக்கச் சொல்கிறார் என்று பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்த்தர் கைவிட மாட்டார்.

போன வாரம் கஸ்தூரி போன் செய்தாள். "அண்ணே, அவரு தூங்கசொல்ல இப்பல்லாம் நெஞ்சுல அந்த இழுப்புச் சத்தமே இல்ல. பயந்துபோய் மூக்காண்ட கை வெச்சுப் பாத்தேன். மூச்சு நல்லா வருதுண்ணே."