பாதி வரைந்த பனியன்

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூருக்கு அடுத்திருந்த ராயபுரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். கோடு போட்ட பனியனுக்கு நிறம் மாற்றிக் காட்டும் புரோகிராம் மாடியில், ஏசி அறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் ஓடியது. அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. சரக்கு வாங்க வந்தவரிடம் ஷூவைக் கழற்றச் சொல்ல முதலாளிக்கு வாய் வராது.

"வந்தவிங்ககிட்ட அப்படிச் சொல்லலாமுங்களா?" என்பார்.

அதனால் கீழே ஆபீஸில் கிடந்த பழைய பி.சி.க்கு ஒரு கேபிள் இழுத்தேன். புரோகிராம் மேலே ஓடும்; அதன் விண்டோ மட்டும் கீழே தெரியும். பி.சி.யில் மெமரி போதவில்லை. படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும், நடுவில் நிற்கும், மறுபடி இறங்கும்.

அன்று மெட்ராஸிலிருந்து ஏஜென்ட் வந்திருந்தார். அவருக்கு நிறம் பிடித்தால்தான் ஆர்டர். இல்லாவிட்டால் புதிதாக இறக்கிய நிட்டிங் மெஷின்கள் சும்மா நிற்கும். முதலாளியே மவுஸைப் பிடித்தார்.

"மெட்ராஸ் வண்டி கோயம்புத்தூரை விட்டிருக்கும். உங்க பனியன் இன்னும் கழுத்தையே தாண்டலையே!" என்றார் ஏஜென்ட். ஷூ நுனி தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டிப் பழகியவர். மெஷின் நின்றால் பட்டனைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். படம் நின்றதும் அவர் விரல் அதையே செய்தது. ஒவ்வொரு தட்டும் மாடிக் கம்ப்யூட்டருக்குப் போய், அடுத்த நிறத்தைக் கேட்டு வரிசையில் நின்றது.

"கையை எடுத்துட்டாத் தேவலைங்கண்ணா" என்றேன்.

"எடுத்தா நின்னுக்கும் கண்ணு."

நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. ஓரிடத்தில் படம் நெஞ்சோடு நின்றது. மேலே புது நிறம், கீழே பழைய நிறம்.

"அது! அதுதான் வேணும்!" ஏஜென்ட் எழுந்தே விட்டார்.

அப்படி ஒரு டிசைன் எங்களிடம் இல்லை. நான் வாய் திறப்பதற்குள், "தாராளமாப் பண்ணிக்கலாமுங்க" என்றார் முதலாளி. அதற்குள் கீழ்ப்பாதியும் மாறி, அடுத்த நிறம் இறங்கத் தொடங்கியது. ஏஜென்ட் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"மேல நேவி, கீழ சாம்பல். சரிதானே கண்ணு?"

"இல்லீங்கண்ணா. மேல சாம்பல், கீழ மெரூன்."

"நானு பார்த்தனே!"

"நானும் பார்த்தனுங்க."

ஏஜென்ட்டிடம் கேட்டால் டிசைனே இல்லை என்பது தெரிந்துவிடும். இரண்டையும் சாம்பிளாகத் தைத்து அனுப்பினோம். அதன்பின் ஃபேக்ஸ் மெஷின் முனகும்போதெல்லாம் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். வருவது நூல்காரரின் விலையாக இருக்கும், மறுபடி உட்காருவார்.

கடைசியில் பதில் வந்தது. அன்று பார்த்தது இரண்டுமே இல்லையாம். ஆனாலும் சாம்பல் மேலே இருப்பது நன்றாக இருக்கிறதாம், வேலையைத் தொடங்கலாமாம்.

"நானும் சாம்பல்னுதானே சொன்னேன்" என்றபடியே முதலாளி நிட்டிங் பக்கம் ஓடினார்.