லினக்ஸ் சாரின் கடவுச்சொல்

முதலில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்வார். கணினித் திரையில் கடவுச்சொல் கேட்கும் கட்டம் மினுங்கிக்கொண்டிருக்கும். அதைச் சற்று நேரம் முறைப்பார். பிறகு வலது கையை மட்டும் உருவி எடுத்து, கோழி கொத்துவதுபோல ஒவ்வோர் எழுத்தாகக் கொத்துவார். உதடு அசையாது. அசைந்தால் யாராவது படித்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அறையில் இருப்பதோ அவரும், ரத்த அழுத்தம் பார்க்கக் காத்து நிற்கும் நானும், ஜன்னலுக்கு வெளியே ஒரு காகமும்தான்.

தெருவில் அவருக்கு லினக்ஸ் சார் என்று பெயர். டயாலிசிஸ் மையம் ஒன்றில் கணினிப் பொறுப்பாளராக இருந்தவர். நடுக்குவாதம் வந்த பிறகு வேலைக்குப் போவது நின்றது, வேலை நிற்கவில்லை. மையத்தின் கணினிகளை இன்றும் வீட்டிலிருந்தபடியே அவர்தான் கவனித்துக்கொள்கிறார். நான் காலையில் போய் மாத்திரை கொடுத்து, குளிக்கவைத்து, நடக்கவைத்துவிட்டு வருகிறேன்.

எத்தனையோ வீடுகளுக்கு இப்படிப் போயிருக்கிறேன். வாசலிலேயே என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, அதில் அச்சிட்டிருந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, தானே தேடி எடுத்த எண்ணில் என் அலுவலகத்தைக் கூப்பிட்டு விசாரித்தவர் இவர் ஒருவர்தான். "அட்டையில இருக்கிற நம்பர், அட்டை அடிச்சவனோட நம்பராக் கூட இருக்கலாம் இல்லையா சிஸ்டர்?" என்றார். இருக்கலாம்தான். பெயரைக் கேட்டுச் சரிபார்க்காமல் ஊசி போடும் நர்ஸைவிட இப்படிப்பட்ட மனிதர் மேல்.

மறுநாளே என் கைபேசியைப் பிடித்துக்கொண்டார்.

"இதைத் திறக்கிற நம்பர் உங்க பிறந்த வருஷம்தானே?"

"எப்படித் தெரியும்?"

"உங்க வயசுக்காரங்க எல்லாரும் அதைத்தான் வைக்கிறாங்க. திருடனுக்கும் அது தெரியும். மாத்துங்க. மாத்திட்டு எனக்குச் சொல்லாதீங்க."

மாற்றினேன். சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தில் யாருடைய மடிக்கணினி மெதுவாக ஓடினாலும் அது லினக்ஸ் சார் மேசைக்கு வந்துவிடும். அவர் கேட்கும் முதல் கேள்வி, "பேக்கப் இருக்கா?" இல்லை என்றால் தொடவே மாட்டார். "முதல்ல இன்னொரு பிரதி எடுத்துட்டு வாங்க. அப்புறம் வைத்தியம்." வந்தவர் முனகிக்கொண்டே போவார். திரும்பி வந்ததும், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதைப் பற்றிய பிரசங்கம் தொடங்கும். வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார். பேச்சை மட்டும் நிறுத்தமாட்டார்.

மாடி வீட்டு வக்கீல் ஒருநாள் கேட்டுவிட்டார். "சும்மா குடுக்கிறதை எப்படி சார் நம்புறது? காசு குடுத்து வாங்கினா கேள்வி கேக்கலாம்."

லினக்ஸ் சார் என் பக்கம் கையைக் காட்டினார். "சிஸ்டரைக் கேளுங்க. ரத்தத்தைச் சும்மாதானே குடுக்கிறாங்க? அதை நம்பி ஏத்துறோமே, எப்படி? ஏத்துறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்கிறோம். இதையும் உலகத்துல யார் வேணும்னாலும் பிரிச்சுச் சோதிக்கலாம். எழுதினதை ஒளிச்சு வைக்கலை. அவ்வளவுதான் விஷயம்."

"அப்போ இதுல வைரஸே வராதா?"

"அப்படிச் சொல்றவனை வீட்டுக்குள்ள விடாதீங்க. ஓட்டை இல்லாத வீடு எங்க இருக்கு? இங்க ஓட்டை தெரிஞ்சா நடுத்தெருவுல நின்னு கத்திடுவாங்க. உடனே அடைச்சும் குடுத்துடுவாங்க. அடைச்சதை வாங்கிப் போட்டுக்க வேண்டியது உங்க வேலை. போடாம வச்சிருந்தா லினக்ஸ் என்ன பண்ணும்?"

எனக்கு விளங்கிவிட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்த புண்ணுக்குத்தான் மருந்து போட முடியும். பிரிக்காத கட்டு வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும்.

நடுங்கும் கைக்கும் அவர் கணினியிலேயே வழி கண்டுபிடித்துவைத்திருக்கிறார். விரல் விசையை விட்டு எழுந்திருக்க நேரமானால் ஓர் எழுத்து நாலைந்தாக விழும். எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றுதான் விழவேண்டும் என்று மாற்றிவிட்டார். பக்கத்து விசையில் விரல் உரசினால் பொருட்படுத்தாதே என்றும் சொல்லிவைத்திருக்கிறார். "இதுக்கு யார்கிட்டயாவது மனு போட்டேனா? என் மிஷின், என் கை, நானே மாத்திக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிரும். நடைப்பயிற்சியில் நான் கத்திக் கத்தியும் நிமிராத முதுகு.

இந்த வசதியெல்லாம் உள்ளே நுழைந்த பிறகுதான். கணினியை அணைத்து மறுபடி ஏற்றினால், எதற்கும் முன்னால் பூட்டிவைத்த வன்வட்டைத் திறக்கும் நீளமான கடவுச்சொல்லை அது கேட்கும். அந்த வாசலில் அவர் செய்துவைத்த சலுகை எதுவும் செல்லாது. எழுத்து நாலைந்தாக விழுந்தால் விழுந்ததுதான். மூன்று தடவை தவறினால் அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனால் அவர் அணைப்பதே இல்லை, திரையை மட்டும் பூட்டிவைப்பார்; தினமும் கொத்துவது அந்தப் பூட்டின் கடவுச்சொல்லைத்தான். கைரேகை வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டதுண்டு. "பாஸ்வேர்டு திருடு போனா வேற வச்சுக்கலாம். விரல் திருடு போனா வேற விரலுக்கு எங்க போறது?" என்றார். சின்னதாக ஒரு சொல்லை வைத்துக்கொள்ளச் சொன்னேன். பால் புட்டியைக் கொடுத்ததுபோல என்னைப் பார்த்தார்.

அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் பூவேலை செய்யும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார். அதனோடு வந்த மென்பொருள் லினக்ஸில் ஓடாது. கணவர் விடவில்லை, நாள் கணக்கில் மல்லுக்கட்டி வேறொன்றைப் பிடித்து ஓடவைத்தார். "ஊர்ல எல்லாரும் பொத்தானை அமுக்கினா பூ வரும். எனக்கு நாலு வரி ஆணை அடிச்சாத்தான் மொட்டே வரும்" என்பார் அந்த அம்மாள். ஆனால் அந்த நாலு வரியையும் பார்க்காமல் அடிப்பார். மையத்துக் கணினிகளைச் சீர்செய்யும்போதும் கணவர் வாயால் சொல்லச் சொல்ல, தட்டுவது பெரும்பாலும் இவர்தான். கடவுச்சொல் ஒன்றைத் தவிர.

போன மாதம் ஒரு காலை நான் போனபோது மின்சாரம் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. மடிக்கணினியின் பாட்டரி தீர்ந்து தானாக அணைந்துபோயிருந்தது. அதே நேரத்தில் தொலைபேசி. மையத்தின் மேலாளர் அம்மாள்.

"சார், லினக்ஸுல ஏதோ பெரிய ஓட்டைன்னு செய்தி வந்திருக்கே, நமக்கும் உண்டா?"

"உண்டு. அடைப்பும் வந்திருக்கும். இன்னிக்கே போட்டுடறேன்."

"நோயாளிங்க விவரம் எல்லாம் அதுலதான் இருக்கு சார். உங்களால முடியலைன்னா வெளியாள் ஒருத்தரை வச்சு மொத்தத்தையும் மாத்திடலாம்னு டாக்டர் சொல்றார். தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் இருக்கேன்ல?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு கைமேல் உட்கார்ந்தார், கொத்தினார், தவறியது. மறுபடி கொத்தினார். மூன்றும் போய், அணைத்து ஏற்றினார். அவசரம் வந்தால் இந்த நடுக்கம் கூடும், கூடியது. காலை மாத்திரை இன்னும் உள்ளேயே போகவில்லை. நெற்றி வியர்த்துவிட்டது. சத்தம் கேட்டு மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"வேண்டாம்."

"நாம என்ன நேத்திக்கா கல்யாணம் பண்ணிக்கிட்டோம்? உங்க பல் எத்தனை ஆடுதுன்னு எனக்குத் தெரியும். இது தெரியக் கூடாதா?"

"உன்னை நம்பலைன்னு யார் சொன்னா? ஒருத்தர் பாஸ்வேர்டை இன்னொருத்தர் அடிக்கக் கூடாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ செஞ்சதா நான் செஞ்சதான்னு யாருக்கும் தெரியாது."

"நோயாளிங்க விவரம் போனா மட்டும் யார் செஞ்சதுன்னு தெரிஞ்சுடுமாக்கும்?"

"நான் போட்டுடறேன்னு சொல்றேன்ல?"

"எங்க போட்டீங்க? யார் வச்ச பூட்டு இது?"

"நான்தான் வச்சேன்."

"அப்போ வெளியவே நில்லுங்க. இவ்வளவு சட்டம் பேசறவர் எனக்குன்னு தனியா ஒரு சாவி குடுத்திருக்க வேண்டியதுதானே? அது ஆகாதா உங்க லினக்ஸுல?"

குத்துவதற்காகச் சொன்னதுதான். ஆனால் வாதம் என்று வந்தால் வக்கீலையே விடாத மனிதர், விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகும் என்று அவருக்குத் தெரியும் என்பதை முகமே சொல்லிற்று. இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்பதும் எனக்குப் புரிந்தது. கைத்தடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்காமல் மூலையில் சாத்தச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிவிட்டால் கால் போய்விட்டது என்று ஆகிவிடுமாம்.

அதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. மாத்திரையைக் கொடுத்து ஒரு தம்ளர் தண்ணீரை முழுதும் குடிக்கவைத்தேன். கணினியை மூடினேன்.

"சிஸ்டர், அவசரம்..."

"எனக்கும்தான் அவசரம். குளிச்சுட்டு வாங்க. மாத்திரை பிடிச்ச பிறகு தொட்டாப் போதும்."

முணுமுணுத்தபடியே குளித்தார். திரும்பி வந்தபோது தோள் இளகியிருந்தது. துவாலையைச் சுருட்டி மணிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். முழங்கை மேசையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு விரலை மட்டும் நீட்டச் சொன்னேன். முதல் தடவை தவறியது. அடுத்ததில் திரை நிறம் மாறி உள்ளே விட்டது.

அதன் பிறகு அவரைப் பார்க்கவேண்டும். என்ன செய்யவேண்டும் என்பதில் ஓர் இமைப்பொழுது தயக்கம் கிடையாது. அவர் சொல்ல, மனைவி தட்ட, கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டுப் பார்த்தார். அது எழுந்து நடமாடுகிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவற்றைத் தொட்டார். மேலாளர் அம்மாளைக் கூப்பிட்டு, "அடைச்சாச்சு. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். அந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் காரம் இருந்தது.

வேலை முடிந்தது என்று மனைவி எழுந்தார்.

"உக்காரு" என்றார்.

"இன்னும் என்ன? சட்டை ஒண்ணு பாதியில கிடக்கு."

"உக்காருன்னு சொல்றேன்ல."

தானே விசைப்பலகையை இழுத்துக்கொண்டு ஒரு வரி அடித்தார். பழைய கடவுச்சொல்லை இன்னொரு தடவை கேட்டது. கொத்திக் கொத்திக் கொடுத்தார். இந்தப் பூட்டில் ஒன்றுக்கு மேல் சாவி போடலாம், ஒவ்வொரு சாவியும் தனி, ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுக்காது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மனைவியைப் பார்க்கவில்லை. விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

"உன்னோடதைப் போடு. நீளமா இருக்கணும். இனிமே இதை நீயே திறக்கலாம். நான் இருந்தாலும், இல்லாட்டியும்."

அந்த அம்மாள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்ன போடட்டும்?" குரல் சற்று இறங்கியிருந்தது.

"என்கிட்ட கேக்காதே. யார்கிட்டயும் கேக்காதே."

"உங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லவே கூடாது."

"அப்படியா சேதி? கெஞ்சினாலும் சொல்லமாட்டேன், பாத்துக்கங்க."

லினக்ஸ் சார் மேசையைப் பிடித்து எழுந்தார். விழாமல் இருக்க நான் கட்டிவிட்ட இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். இந்த நோய்க்காரர்களுக்கு நேராக நடப்பதுகூட வந்துவிடும். நின்ற இடத்தில் திரும்புவதுதான் பெரும்பாடு. பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். அவர் விரற்கடை விரற்கடையாகக் காலை நகர்த்தி, திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

"சிஸ்டர், நீங்களும்."

நானும் திரும்பினேன். பட்டையை விடவில்லை. பின்னால் விசைப்பலகை ஒலிக்கத் தொடங்கியது, தையல்காரியின் விரல்கள், நிதானமாக. எத்தனை தட்டு என்று எண்ணுகிறவர்போல அவர் தலையைச் சாய்த்து ஒரு கணம் கேட்டார். உடனே, ஆடிக்கொண்டிருந்த இரண்டு கைகளையும் தூக்கித் தன் காதுகளைப் பொத்திக்கொண்டார்.