சிரிப்பிலிருந்து அம்மாவைப் பிரித்தெடுப்பது

பிற்பகல் மூன்று பத்துக்குச் செய்தி வந்தது. அண்ணனின் அலுவலக உதவியாளர்தான் போனில் பேசினார். "சார், உங்க அண்ணன் உக்காந்த இடத்துலயே..." என்று அவர் மேலே பேச முடியாமல் நின்றபோது, பின்னால் நூறு பேர் சிரித்தார்கள். ஏதோ விழாவிலிருந்து பேசுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு சட்டென்று அறுந்தது. மறுபடி அதே இடத்தில் தொடங்கியது, நடுவில் அதே இருமலோடு. அண்ணன் கடைசியாக ஓடவிட்டிருந்த ஒலித்துண்டு அது. எப்படி நிறுத்துவதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

தொலைக்காட்சி நிறுவனத்தில் அவன் ஒலித்தொகுப்பாளர். எல்லோருக்கும் அவன் 'கத்திரி'. கடைசி இரண்டு வருடமாக, பழைய நகைச்சுவை நிகழ்ச்சிகளை மறு ஒளிபரப்புக்குத் தயார் செய்தான். நிறத்தைக் கேலி செய்தது, உடம்பைக் கேலி செய்தது, ஊனத்தைக் கேலி செய்தது என்று மேலிடத்திலிருந்து பட்டியல் வரும். வசனத்தை வெட்டிவிடுவான். அதற்கு எழுந்த சிரிப்பைத் தூக்கிப்போட மட்டும் அவனுக்கு மனம் வராது. தனியாகச் சேர்த்து வைத்தான். அறைக்கு வெளியே நின்றால், எதற்கென்றே தெரியாமல் ஒரு கூட்டம் சிரிப்பது கேட்கும். அதில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. உதவியாளர் டீயைக் கதவோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அப்படி ஒரு நிகழ்ச்சியின் வசனகர்த்தா, வயதானவர், அடிக்கடி வந்து மல்லுக்கு நிற்பார்.

"டேய் கத்திரி, இப்படியே வெட்டினா கடைசியில வணக்கமும் நன்றியும்தான்டா மிஞ்சும்."

"போதும்ணே. நடுவுல விளம்பரம் போட்டுக்கலாம்."

"அப்பல்லாம் யாருக்குடா வலிச்சுது?"

"வலிச்சவன் மைக்குக்குக் கீழதான்ணே உக்காந்திருந்தான்."

என்னைத்தான் சொன்னான். எனக்குத் திக்குவாய். எனக்குப் பதினாறு வயதானபோது அந்த நிகழ்ச்சியில் ஒரு திக்குவாய் வேலைக்காரன் வந்தான். வார்த்தை வராதபோது நான் தொடையைத் தட்டுவேன். அதையும் சேர்த்து நடிகருக்குச் சொல்லிக்கொடுத்தது, அப்போது அங்கே ஒலிப்பதிவில் இருந்த அண்ணன். படப்பிடிப்பன்று என்னையும் அம்மாவையும் பெருமையாக முன்வரிசையில் உட்காரவைத்தான். நடிகர் தொடையைத் தட்டினார். கூடமே அதிர்ந்தது. நான் தரையைப் பார்த்தேன். என்னை ஒட்டியிருந்த அம்மாவின் தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா? திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் இருந்தவரை கேட்கவும் இல்லை. அவள் போன பிறகு அண்ணனிடம் மட்டும் இந்தச் சந்தேகத்தை ஒருமுறை சொன்னேன்.

போன மாதம் அந்தக் காட்சி பட்டியலில் வந்தது. என்னைக் கூப்பிட்டான்.

"அன்னிக்கு மைக்கத் தப்பா மாட்டிட்டேன்டா. உங்க தலைக்கு மேலயே தொங்குச்சு. அம்மா குரல் உள்ள இருக்கு. ஒவ்வொருத்தரா கழிச்சுக்கிட்டே வந்தா, கடைசியில அம்மா மட்டும் நிப்பா."

"வெ... வெட்டிடுண்ணே. கே... கேக்க வேணாம்."

"வெட்டத்தான் போறேன். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்டா. சொல்லிக்கொடுத்தவன் நான்."

தினமும் கிடைத்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, நூறு பேரையும் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினான். "இன்னிக்கு மூணாவது வரிசை காலி" என்று போனில் சொல்வான். ஆட்கள் எழுந்து போவது போலவே சொல்வான்.

காரியங்கள் முடிந்து நான்காம் நாள் அந்த அறைக்குப் போனேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். அந்தச் சிரிப்பு மொத்தம் ஒன்பது நொடி. முதல் ஏழு நொடியில் கூட்டம் இல்லை. அம்மா மட்டும் இருக்கிறாள். காதுக்கு மிக அருகில், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் விடவில்லை.

கடைசி இரண்டு நொடியை அண்ணன் முடிக்கவில்லை. அதில் நூறு பேரும் இருக்கிறார்கள், நடுவில் போனில் கேட்ட அதே இருமலோடு.