கழுவாத கிண்ணம்

என் மனைவி பரீதாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பழவேற்காட்டில் மற்ற பெண்கள் நகை கேட்டார்கள், புடவை கேட்டார்கள். இவள் கேட்டது விளக்குப் புகை.

1979-இல் அவள் சென்னைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. மண்ணெண்ணெய்ப் புகை இரும்பில் படிந்து பல நாள் சூட்டிலேயே கிடந்தால், கரி சில இடங்களில் நூலாக வளருமாம். தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தாலும் அத்தனை மெல்லிசாக வராதாம்.

"அத வச்சி இன்னா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"மொதல்ல கண்ணால பாக்கணுங்க."

அதற்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். ஆறு மாதம் காத்திருந்ததில் ஒரே ஒரு நாள், இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். அன்று படம் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு.

தீப்பிடிக்கும் என்று பயந்து, கல்லூரியில் ஒரு மாதம் தொடர்ந்து விளக்கெரிக்க விடவில்லை. ஆகவே தபால்காரனான நான் கரண்ட் வராத குப்பங்களுக்கெல்லாம் இரும்புக் கிண்ணங்களைச் சைக்கிளில் சுமந்தேன். சிம்னி விளக்குக்கு மேலே கவிழ்த்துக் கட்டினேன். எடுக்கிறவரை தொடாதீர்கள், கழுவாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

ஒன்று மிஞ்சியது. அதைப் பரீதாவுக்குத் தெரியாமல் என் தங்கை சுராயா வீட்டில் மாட்டினேன். சுராயா தன் மகனுக்குப் பேர் வைத்த நாளில் பரீதா சென்னையில் ஏதோ அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

மைக்ராஸ்கோப்புக்கு முதல் நாள் கிண்ணங்களை வாங்கப் போனேன். வேலம்மா நீட்டிய கிண்ணம் பளபளவென்று மின்னியது. உள்ளே ஒரு பிடி காய்ந்த இறால்.

"கழுவாதீங்கன்னு சொன்னேனே, வேலம்மா!"

"சொன்னே தம்பி. அதுக்குன்னு கரியோடவா குடுப்பாங்க? வெறுங்கிண்ணமாவா குடுப்பாங்க? நாங்க இன்னா அப்பிடிப்பட்டவங்களா?"

கோதண்டம் வீட்டில் புளி போட்டே தேய்த்து, வெல்லம் வைத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் இதே கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளை ஏரியில் தள்ளிவிடலாம் போலிருந்தது. மரியாதை தெரிந்த ஜனங்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது.

பரீதா கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

அப்போது சுராயா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணே, உன் பொண்டாட்டி கிண்ணம்," என்று நங்கென்று கீழே வைத்தாள். வெறுங்கிண்ணம். உள்ளெல்லாம் அட்டைக் கரி. எங்கள் ஊரில் இது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். நான் கையை ஓங்கிவிட்டேன்.

பரீதா என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினாள். "தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" கிண்ணத்தின் முன்னால் மண்டியிட்டு, சுராயாவின் கால்களைக் கட்டிக்கொண்டு கோவென்று அழுதாள். "நீ நல்லா இருப்பே சுராயா."

சுராயாவுக்கு முகம் செத்துப்போனது. "அசிங்கப்படுத்தலாம்னு குடுத்தா, இவ இன்னாண்ணே இப்பிடிப் பண்றா?" என்றவள், கொஞ்ச நேரத்தில் தானும் உட்கார்ந்து அழுதாள். ஓங்கிய கையை நான் அப்போதுதான் இறக்கினேன்.

மறுநாள் அந்தக் கரியில்தான் நூல் தெரிந்தது. படமும் கிடைத்தது.

பேராசிரியர் ஒரு படம் போதாது, அதே விளக்கில் இன்னொரு தடவை எடுத்து வா என்றார். பரீதா சந்தோஷமாகச் சுராயா வீட்டிலேயே கிண்ணத்தை மாட்டினாள். கழுவாதே என்று தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கினாள்.

மாதம் முடிந்து கிண்ணம் வந்தது. சாம்பல் போட்டு, நாத்தனார் கைப்படத் தேய்த்தது, முகம் பார்க்கலாம். உள்ளே நிறையக் கற்கண்டு.